ஒரு சோறு பதம் சொல்லாத பானை

இந்த ஆண்டு தைப்பூசத்தன்று காவடிகள் எல்லாம் கோயிலை வந்தடைந்து, வேல் குத்தியவர்கள் வேலைக் கழற்றித் திருநீறு பூசிக்கொண்டு, அன்னதானமும் பாதி முடிந்திருந்த வேளையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தின் பின்கட்டில் நான் பருப்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். சுவரோரம் கிடந்த பெஞ்சில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் அமர்ந்திருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர். எனக்கு மட்டும் அக்கா. அவர் வார்டிலும் நான் பரிசோதனைக்கூடத்திலுமாக டர்பனில் ஒரே மருத்துவமனையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறோம். பருப்பை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "தம்பி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாய் நினைத்துக்கொண்டிருந்தேன். 2003-இல் நம் வார்டில் ஒருவர் இருந்தாரே, தலைவலி தாங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே படுத்திருப்பாரே, அவருக்கு இந்த மருந்து கேட்கும் என்று உங்கள் லேப் எழுதிக் கொடுத்தது. அப்புறம் ஏன் கேட்கவில்லை?"

"அந்தக் காலத்தில் எச்.ஐ.வி. மருந்தே கிடையாதே, அக்கா" என்றேன். அது உண்மைதான், அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்துகள் 2004-இல்தான் வரத் தொடங்கின. ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். நான் அடுத்த பந்திக்குப் போய்விட்டேன்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சரியான பதில் எனக்குத் தெரியும் என்பதும், அது தெரிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் யாரிடமும் சொல்லவில்லை என்பதும்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தன. சொல்லாததற்கு ஒரு காரணம் மொழி. நான் வீட்டில் ஆயாவிடம் கேட்ட தமிழ் வேறு. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழைப் பாடமாக எடுத்துக் கற்றுக்கொண்ட இந்த ஏட்டுத் தமிழ் வேறு. மரபணுக்களைச் சுமக்கும் இழைக்குப் பெயரான குரோமோசோம் என்ற சொல் இரண்டிலும் ஒருமுறைகூட என் வாயில் வந்ததில்லை. இன்னொரு காரணத்தை மொழியின் மேல் போட முடியாது. அந்த முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்.

தட்டில் கண்டது

அந்தத் தலைவலிக்குக் காரணம் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்ற ஈஸ்ட், அதாவது ஒற்றைச்செல் பூஞ்சை. அதை ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எந்த மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவரும் மறக்க மாட்டார். உடலின் எதிர்ப்பாற்றல் சரிந்தவர்களின் நுரையீரலில் நுழைந்து, இரத்தத்தின் வழியே மூளையுறைக்குப் போய் அங்கே தங்கிப் பெருகும். முதுகுத்தண்டு நீரில் ஒரு சொட்டு எடுத்து, இந்திய மையில் கலந்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், கறுப்புக்குள் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மை புகாத வெள்ளை வளையம் தெரியும். அந்த வளையம்தான் அதன் உறை. நோயாளியின் மண்டைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். முதுகில் ஊசி போட்டு நீரை வடித்தால் சில மணி நேரம் வலி தணியும், மறுபடி ஏறும். அக்கா சொன்ன மனிதருக்கு அப்படித்தான் மூன்று நான்கு முறை வடித்தார்கள். வடக்குக் கடற்கரைப் பக்கம் கரும்பாலையில் வேலை பார்த்த ஜூலுக்காரர். அவர் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அக்காவுக்கு நினைவிருந்தது, அதை இங்கே எழுதப் போவதில்லை.

அவருக்கு இது இரண்டாம் முறை. முதல் முறை ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து மாத்திரையை மட்டும் கொடுத்து, சற்றுத் தேறி, வீட்டுக்குப் போய், நான்கு மாதத்தில் அதே தலைவலியோடு திரும்பி வந்திருந்தார். ஃபுளூகோனசோல் இன்னும் கேட்குமா என்று பார்த்துச் சொல்லும்படி மருத்துவர் எங்களுக்கு எழுதியிருந்தார். அன்றைய வழக்கப்படி முதலில் நீரை அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் இட்டு வளர்த்தோம். மூன்றாம் நாள் பாலாடை நிறத்தில் வழவழப்பான காலனிகள் வந்தன. அவற்றில் நன்றாகத் தனித்து நின்ற ஒன்றைக் கம்பி வளையத்தால் தொட்டு, வேறொரு தட்டில் இழுத்து, தூய வளர்ப்பாக்கினேன். எங்கள் தொழிலில் முதல் வாரத்தில் கற்பிக்கும் பாடமே அதுதான்: ஒரு காலனி என்பது ஒரே செல்லிலிருந்து வந்த குடும்பம், அதை மட்டும் எடு, கலப்பு வேண்டாம். (காலனி என்ற சொல் எங்கள் வீட்டில் வேறு பொருளில் இருந்தது. என் கொள்ளுத்தாத்தா 'காலனியில் பிறந்தவர்' என்ற வகையைச் சேர்ந்தவர். அதாவது நேட்டால் காலனியில். அவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று விசாரிக்க அதற்குமேல் யாருக்கும் தேவை இருக்கவில்லை.)

பிறகு ஈஸ்ட்டைத் தட்டு முழுவதும் பூசி, நடுவில் மருந்துப் பட்டையை வைத்தேன். பட்டையின் ஒரு முனையில் மருந்து மிக அதிகம். மறுமுனையில் மிகக் குறைவு. மருந்து எட்டும் இடத்தில் ஈஸ்ட் வளராது. எனவே பட்டையைச் சுற்றி மாவிலை வடிவத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகும். அந்த இலையின் நுனி பட்டையைத் தொடும் இடத்து எண்தான் முடிவு. நுனி தாழ்ந்த எண்ணில் இருந்தது. மருந்து கேட்கும். ஆனால் இலைக்குள், வெற்றிடமாக இருக்க வேண்டிய இடத்தில், ரவை சிந்தியதுபோலச் சில புள்ளிகள் இருந்தன. உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவு. பத்தோ பன்னிரண்டோ இருக்கலாம்.

எங்கள் மூத்தவரை அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். இந்த வகை மருந்துகள் ஈஸ்ட்டைக் கொல்வதில்லை, வளர்ச்சியை அடக்கத்தான் செய்கின்றன. எனவே மங்கலாக ஏதாவது மிச்சம் இருப்பது இயல்பு, கணக்கில் எடுக்க வேண்டாம் என்றுதான் கையேடும் சொன்னது. இருந்தாலும் அவர் கவனமான மனிதர். "ஒன்றைத் தனியே எடுத்து வளர்த்துப் பார், வேறு ஏதாவது கிருமி விழுந்திருக்கப் போகிறது" என்றார். புள்ளி ஒன்றை எடுத்து, மருந்தில்லாத வெறும் தட்டில் இழுத்தேன். முதலில் தயங்கி, பிறகு பருத்து வளர்ந்தது. மை போட்டுப் பார்த்தால் அதே வளையம், அதே கிரிப்டோகாக்கஸ்தான். அதிலிருந்து எடுத்து மறுபடி ஒரு தட்டில் இழுத்து, அதன்பின் மருந்துப் பட்டையை வைத்துச் சோதித்தேன். மாவிலை சுத்தமாக வந்தது. இலைக்குள் ஒரு புள்ளிகூட இல்லை. பழைய எண்ணேதான்.

அப்போது எனக்கு ஏற்பட்ட நிம்மதி இன்றும் நினைவிருக்கிறது. சந்தேகத்தை விடாமல் துரத்திப் பிடித்து, ஒன்றுமில்லை என்று நிரூபித்துவிட்ட நிம்மதி அது. எண்ணை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். மருத்துவர் ஃபுளூகோனசோலின் அளவைக் கூட்டி அதையே தொடர்ந்தார். மூன்று வாரத்தில் அந்த மனிதர் இறந்தார்.

ஒரு பொருளுக்காகக் கடையையே வாங்குவது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் நான் செய்ததன் சுருக்கம். பரிசோதனைக்கூடம் என்ற நிறுவனமே அந்தப் பழமொழியின் மேல்தான் நிற்கிறது என்று சொன்னாலும் மிகையில்லை. உடலில் கோடிக்கணக்கில் இருப்பதில் ஒரு காலனியை எடுத்து, அதைக் கேட்டு, மற்றெல்லாவற்றுக்கும் அதையே பதிலாக எழுதுகிறோம். பெரும்பாலான நாட்களில் அது சரியாகவும் இருக்கிறது.

2006-ஆம் ஆண்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்னா செல்மெக்கி, அன்யா ஃபோர்ஷே, ஜூடித் பெர்மன் ஆகிய மூவரும் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது வேறோர் ஈஸ்ட்டைப் பற்றியது: கேண்டிடா அல்பிகன்ஸ், வாயிலும் தொண்டையிலும் வெள்ளைப் படலமாகப் படர்வது. ஃபுளூகோனசோலுக்கு அடங்காத கேண்டிடாக்கள் பலவற்றில் ஐந்தாம் குரோமோசோமின் இடக்கை மட்டும் இரட்டித்து, ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்ப்பதுபோல் ஒட்டிக்கொண்டு, தனியொரு குரோமோசோமாகவே நிற்பதை அவர்கள் கண்டார்கள். இரண்டும் இடக்கையாக உள்ள ஒரு மனிதனைப் போல. மருந்து தாக்கும் நொதியைச் செய்யும் மரபணுவும், மருந்தை வெளியேற்றும் பம்புகளை முடுக்கிவிடும் மரபணு ஒன்றும் அந்தக் கையில்தான் இருக்கின்றன. நகல் எடுத்த கட்டுரையைத் தேநீர் இடைவேளையில் படித்துவிட்டு, "கேண்டிடா அப்படித்தான்" என்று மடித்து வைத்தேன். கேண்டிடாவுக்கு எட்டு இணைக் குரோமோசோம்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும். சோர்போஸ் என்ற சர்க்கரையை மட்டும் கொடுத்தால் ஐந்தாம் குரோமோசோமில் ஒன்றைக் கழித்துவிட்டு அதைத் தின்னும் என்பது 1998-இலேயே தெரிந்திருந்தது. கிரிப்டோகாக்கஸ் அப்படியல்ல என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பதினான்கு குரோமோசோம்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. ஒற்றைத் தொகுதியோடு வாழ்கிற உயிர் ஒழுங்காகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ரவைப் புள்ளிகள் அன்று நினைவுக்கு வரவே இல்லை.

2010-இல் வந்த கட்டுரைதான் என்னை நாற்காலியில் நிமிர வைத்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், இந்த ஈஸ்ட்டின் பாலினப் பெருக்க நிலையை எழுபதுகளிலேயே கண்டறிந்த கொரிய வம்சாவளி அறிஞர் குவோன்-சங் அவர்களின் ஆய்வுக்குழுவில், எட்வர்ட் சியோனோவ் முதலானோர் செய்த வேலை அது. கிரிப்டோகாக்கஸின் எந்த வகையை எடுத்துக்கொண்டாலும் அதில் பெரும்பான்மை ஃபுளூகோனசோலுக்கு அடங்கும், மிகச் சிறுபான்மை அடங்காது என்பதை அவர்கள் முந்தைய ஆண்டே காட்டியிருந்தார்கள். அந்தச் சிறுபான்மையிடம் இருப்பது என்ன என்று தேடியபோது, மரபணுவில் ஓரெழுத்துகூட மாறியிருக்க வேண்டியதில்லை என்பது தெரிந்தது. முதலாம் குரோமோசோம் மட்டும் இரண்டாகியிருந்தது.

பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் வேண்டும். அதைச் செய்யும் நொதிகளில் ஒன்றைத்தான் ஃபுளூகோனசோல் முடக்குகிறது. அந்த நொதிக்கான மரபணு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. மருந்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்பு ஒன்றின் மரபணுவும் அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. குரோமோசோம் இரட்டித்தால் இரண்டும் ஒரே வீச்சில் இரட்டிக்கும். ஆனால் அந்த இரண்டு மரபணுக்களுக்காக அது முழுக் குரோமோசோமையும், சுமார் 23 லட்சம் எழுத்துகளையும், அவற்றில் உள்ள நூற்றுக்கணக்கான வேறு மரபணுக்களையும் சேர்த்தே தூக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதன் மொத்த மரபுத்தொகையே ஒரு கோடியே 89 லட்சம் எழுத்துகள்தான். ஒரு பொருள் வேண்டும் என்பதற்காகக் கடையையே விலைக்கு வாங்குவதுபோல. மருந்தின் அளவை இன்னும் கூட்டினால் நான்கு, பத்து, பதினான்கு என்று வேறு குரோமோசோம்களும் இரட்டிக்கின்றன.

கடையை வாங்கியவனுக்குக் கடன் ஏறும். தேவையில்லாத புரதங்களையெல்லாம் இரு மடங்கு செய்துகொண்டிருக்கும் செல் மெதுவாகத்தான் வளரும். ரவை அளவுப் புள்ளியாக அது நின்றதற்குக் காரணம் அதுவே. மருந்து இருக்கும்வரை அந்தச் சுமைக்குப் பலன் உண்டு. மருந்து இல்லாத தட்டில் போட்டால் பலன் போய்விடும், சுமை மட்டும் மிஞ்சும். கூடுதல் குரோமோசோமைத் தவறவிட்ட செல் எதுவோ அது மற்றவற்றை முந்திக்கொண்டு பருத்து வளரும். ஒன்றிரண்டு முறை வெறும் தட்டில் மாற்றி வளர்த்தால் போதும், மருந்துக்கு அடங்கும் பழைய ஈஸ்ட்டே திரும்ப வந்துவிடும். அதைத்தான் நான் 2003-இல் மிகுந்த கவனத்தோடு செய்தேன். பானையிலிருந்து எடுத்த ஒரு சோறு, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அரிசியாகிவிட்டது. அரிசியை நசுக்கிப் பார்த்துவிட்டு, பானை வேகவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

கட்டுரையைப் படித்து முடித்தபோது என்னை முதலில் வாட்டியது குற்ற உணர்ச்சியல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எப்படித் தவறவிட்டேன் என்ற தொழில்முறை எரிச்சல்தான் முதலில் வந்தது. யோசித்துப் பார்த்தால், கூடுதல் குரோமோசோம் என்றாலே ஊனம் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. மனிதரில் இருபத்தோராம் குரோமோசோம் மூன்றாக இருந்தால் டவுன் நோய்க்குறி. வேறு பெரும்பாலான குரோமோசோம்கள் அப்படிக் கூடினால் கரு பிறப்பதே இல்லை. அந்தக் கண்ணோடு பார்த்தவனுக்கு, ஓர் உயிர் இக்கட்டு வந்தபோது குரோமோசோமைக் கூட்டிக்கொண்டு, இக்கட்டுத் தீர்ந்ததும் கழற்றிவிட்டுப் போகும் என்பது தோன்றியே இருக்காது. அது நோயும் இல்லை, குறையும் இல்லை, நிலைத்த மாற்றமும் இல்லை. மழைக்கு விரித்த குடை. குடை விரித்தவர்கள் எத்தனை பேர் என்பதை வெயிலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இலவசமாக வந்த மருந்து

அந்த மனிதருக்கு ஏன் ஃபுளூகோனசோல் மட்டும் கொடுத்தார்கள் என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். 2000-ஆம் ஆண்டு ஜூலையில் டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு நடந்தது. அதே மாதம் கேப் டவுனில் கிறிஸ்டோபர் மொராக்கா என்ற தொண்டர் இறந்தார். கேண்டிடா தொண்டையில் படர்ந்து விழுங்க முடியாமல் தவித்தவர். அதற்கான ஃபுளூகோனசோல் இருந்தது, விலை அவருக்கு எட்டவில்லை. அக்டோபரில், எய்ட்ஸ் நோயாளிகளின் மருந்துக்காகப் போராடிய ஜாக்கி அக்மத் தாய்லாந்துக்குப் போய், அங்கே மலிவாகக் கிடைத்த அதே மருந்தைக் காப்புரிமையை மீறி வாங்கி வந்தார். அவருடைய அமைப்பு அந்தப் போராட்டத்துக்கு மொராக்காவின் பெயரையே சூட்டியது. ஆண்டு முடிவதற்குள் ஃபைசர் நிறுவனம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது. முதல் பெட்டிகள் வந்தபோது எங்கள் வார்டில் அக்கா அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரை எத்தனையோ பேரைச் சாப்பிட வைத்தது, பேச வைத்தது. அதைப் பழிக்க எனக்கு மனம் வராது.

ஆனால் இலவசமாக வந்தது அந்த ஒன்றுதான். மூளையுறைக் காய்ச்சலுக்கு ஆம்ஃபோடெரிசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும், சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டில் கிடைக்காத இடங்களில் மாத்திரையே சிகிச்சையாயிற்று. அப்படி மாத்திரை மட்டும் சாப்பிட்டு மறுபடி நோய் திரும்பியவர்களிடம் மருந்துக்கு அடங்காத கிரிப்டோகாக்கஸ் இருப்பதைக் கேப் டவுனிலிருந்து டிஹானா பிகானிச் முதலானோர் 2006-இலேயே எழுதினார்கள். ஃபுளூசைட்டோசின் என்ற மூன்றாவது மருந்து 1957-இல் செய்யப்பட்டது, காப்புரிமை எப்போதோ காலாவதியானது; அப்படியிருந்தும் எங்கள் நாட்டில் அது நீண்ட காலம் பதிவே பெறாமல் கிடந்தது. இதில்தான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஏனெனில் குரோமோசோம் கணக்கு அந்த மருந்தின் பக்கம்தான் பேசுகிறது. 2019-இல் தான்சானியா நோயாளிகளைப் பற்றி நீல் ஸ்டோன் முதலானோர் எழுதிய ஆய்வில், முதுகுத்தண்டு நீரை எடுத்த கையோடு, இடையில் எந்த வெறும் தட்டிலும் வளர்க்காமல், ஃபுளூகோனசோல் கலந்த தட்டிலேயே நேராக ஊற்றினார்கள். மருந்துக்கு அடங்காத சிறுபான்மை சிகிச்சைக்கு முன்பே இருந்தது. ஃபுளூகோனசோல் மட்டும் பெற்றவர்களிடம் நாளாக ஆக அந்தச் சிறுபான்மையின் பங்கு ஏறிக்கொண்டே போயிற்று; கூடவே ஃபுளூசைட்டோசினும் பெற்றவர்களிடம் ஏறவில்லை. அந்தக் காலனிகளின் மரபுத்தொகையைப் படித்தபோது முதலாம் குரோமோசோமே இரட்டித்திருந்தது. முதலாம் குரோமோசோமைத் தூக்கிக்கொண்டு ஒரு மருந்திடமிருந்து தப்பியவை, வேறு வழியில் தாக்கும் இன்னொரு மருந்திடம் மாட்டிக்கொள்கின்றன. ஆய்வின் முடிவைவிட என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது 'நேராக ஊற்றினார்கள்' என்ற இடம்தான். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 2003-இல் எங்களிடம் மாத்திரை இருந்தது, அகார் இருந்தது, தட்டு இருந்தது. ஒரு தட்டில் மருந்தைக் கலந்து, வந்த நீரை அப்படியே ஊற்றியிருக்கலாம்.

ஒரு சோற்றுப் பழக்கம் எங்களைப் போன்ற மருத்துவமனைக்கூடங்களோடு நிற்கவில்லை என்பது பிறகு தெரிந்தபோது சற்று ஆறுதலாகவும் இருந்தது, சற்று அச்சமாகவும் இருந்தது. உலகம் முழுவதும் இந்த ஈஸ்ட்டின் மரபியலைப் படிப்பவர்கள் பெரும்பாலும் எச்-99 என்ற ஒரே வகையைத்தான் படிக்கிறார்கள். 1978-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது அது. அதன் முழு மரபுத்தொகை 2014-இல் வெளியானபோது, ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாகக் கைமாறிய எச்-99 பிரதிகளே தமக்குள் வேறுபடத் தொடங்கிவிட்டன, சில நோய் உண்டாக்கும் வீரியத்தையே இழந்துவிட்டன என்பதும் சேர்ந்தே வெளியானது. மாதிரிச் சோறே தட்டில் இருந்தபடி மாறியிருக்கிறது. இதற்கிடையே இந்த ஈஸ்ட்டின் மரபு வேறுபாடுகள் மிகச் செறிவாக இருப்பது எங்கள் பக்கம். போட்ஸ்வானாவின் மோப்பேன் மரங்களிலிருந்து எடுத்த வகைகளைப் பார்த்து, இதன் பூர்வீகமே ஆப்பிரிக்காவின் தென்பகுதியாக இருக்கலாம் என்று அனஸ்தாசியா லிட்வின்ட்சேவா முதலானோர் 2011-இல் எழுதினார்கள். மோப்பேன் புழுவை வறுத்துச் சந்தையில் விற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மரத்தில் என் எதிரி குடியிருப்பது அன்று தெரியாது.

இப்போது நிலைமை மாறித்தான் இருக்கிறது. போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 844 பேரைக் கொண்டு நடத்தி 2022-இல் வெளியான ஆம்பிஷன் ஆய்வுக்குப் பிறகு, கொழுப்புறையிட்ட ஆம்ஃபோடெரிசினை ஒரே ஒரு முறை உயர்ந்த அளவில் ஏற்றி, இரண்டு வாரம் ஃபுளூசைட்டோசினும் ஃபுளூகோனசோலும் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்தச் சிறந்த சிகிச்சையிலும் பத்து வாரத்துக்குள் நூற்றுக்கு 25 பேர் இறந்தார்கள். அதனால் என் ஒரு முடிவுத்தாள்தான் அந்தக் கரும்பாலைத் தொழிலாளியைக் கொன்றது என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புரட்டாசி

புரட்டாசி வந்தால் இங்கே சாட்ஸ்வர்த்தில் பாதி வீடுகளில் கறிச்சட்டி பரணுக்குப் போய்விடும். மூன்றாம் சனிக்கிழமை கோயிலில் பெரிய சமையல். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு தொடங்குமுன் நான் சமையற்கட்டுப் பக்கம் போனபோது, அக்கா அங்கே மர முக்காலியில் அமர்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். விறகடுப்பில் அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சமையலுக்கு நின்ற பெரியவர் கரண்டியை விட்டு மேலே ஒரு சோறு எடுத்து நசுக்கினார். பிறகு கரண்டியை அடிவரை இறக்கி இன்னொன்று. பிறகு ஓரத்தில் ஒன்று. ஒரு சோறு போதாதா, தாத்தா, என்று கேட்டேன். "அது வீட்டுப் பானைக்கு" என்றார். "அண்டாவில் நடுவில் வெந்திருக்கும், ஓரத்தில் அரிசியாய் நிற்கும்."

பீன்ஸ் நறுக்குவதில் நானும் சேர்ந்துகொண்டு அக்காவிடம் சொல்லத் தொடங்கினேன். குரோமோசோம் என்ற சொல்லை அப்படியே சொன்னேன். செவிலியருக்கு அது புதிதல்ல. ரவைப் புள்ளிகளைச் சொன்னேன், வெறும் தட்டைச் சொன்னேன், கடையை வாங்கியதையும் விற்றதையும் சொன்னேன். கத்தியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் அந்தச் சின்னப் புள்ளிதான் அவர் தலைக்குள் இருந்தது" என்றார்.

"அதுவும் இருந்தது, அக்கா. மற்றதும் இருந்தது."

"அதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள்."

"பார்த்தேன்."

"ரிப்போர்ட்டில் ரெண்டையும் எழுதியிருக்கலாமே?"

எங்கள் முடிவுத்தாளில் எண் எழுதக் கட்டம் ஒன்றுதான் இருந்தது என்றேன். அது உண்மை. பச்சை நிறத் தாள். மருந்தின் பெயருக்கு எதிரே ஒரு சிறு கட்டம். அதில் ஒரு எண்தான் அடங்கும்.

அக்கா நறுக்கியதை முறத்தில் தள்ளிவிட்டு அடுத்த பிடியை எடுத்தார். "ஓரத்தில் எழுதியிருக்கலாம், தம்பி" என்றார். "வார்டில் நாங்கள் முக்கியமானதையெல்லாம் ஓரத்தில்தான் எழுதுவோம்."